வெயிட் போட்டதும் எல்லாமே சிக்னிஃபிகன்ட்னு வருதே, நம்பலாமா?

கேள்வி சுருக்கமா இதுதான். பிஹெச்டி பண்ற நீங்க என்எஃப்ஹெச்எஸ்-5, அதாவது தேசிய குடும்ப நல சர்வேயோட அஞ்சாவது சுற்று, அதோட ரா டேட்டாலேர்ந்து தமிழ்நாட்டுப் பெண்களை மட்டும் தனியா எடுத்து, ரத்தசோகை நகரத்துக்கும் கிராமத்துக்கும் வித்தியாசப்படுதா, படிப்பு வாரியா எப்படி, மாவட்டத்துக்கு மாவட்டம் எப்படின்னு பாத்திருக்கீங்க. எஸ்பிஎஸ்எஸ்ன்ற புள்ளியியல் சாஃப்ட்வேர்ல வெயிட் கேசஸ் (ஒவ்வொருத்தர் பதிலுக்கும் எவ்ளோ மதிப்புன்னு சொல்றது) போட்டு கிராஸ்டேப், ரெண்டு விஷயத்துக்கும் தொடர்பு இருக்கான்னு பாக்கற கை ஸ்கொயர் டெஸ்ட். எதைத் தொட்டாலும் பி வேல்யூ, அதாவது நிஜத்துல வித்தியாசமே இல்லன்னா தற்செயலா இவ்ளோ வித்தியாசம் வர்ற வாய்ப்பு, 0.000னு வருது; அது 0.05க்குக் கீழ இருந்தாதான் சிக்னிஃபிகன்ட்னு சொல்வோம். வெயிட்டை எடுத்துட்டு ஓட்டினா சிலது சிக்னிஃபிகன்ட், சிலது இல்ல. கைடு வெயிட் கட்டாயம் போடணும்றாராம், டிபார்ட்மென்ட்ல ஒரு சீனியர் பர்சன்டேஜுக்கு மட்டும் போடு, டெஸ்டுக்கு போடாதேன்றாராம். யார் பேச்சைக் கேக்கிறதுன்னு கேட்டிருக்கீங்க.

கைடு சொல்றது சரி, வெயிட் போட்டே ஆகணும். சீனியர் பயப்படறதுலயும் நியாயம் இருக்கு, நீங்க போட்ட விதத்துல போட்டா அந்த பி வேல்யூ பொய். ஆனா அதுக்கு வெயிட்டைத் தூக்கிப் போடறது வழி இல்ல. வெயிட்டோட சேத்து கிளஸ்டர் (மொத்தமா தேர்ந்தெடுத்த ஊர் இல்ல பிளாக்) எது, ஸ்ட்ரேட்டா (சாம்பிள் எடுக்கறதுக்கு முன்னாடியே பிரிச்ச பிரிவுகள்) எதுன்னும் சாஃப்ட்வேர்கிட்ட சொல்லணும், அதைக் கணக்குல எடுத்துக்கிற டெஸ்டா பாத்து ஓட்டணும். இவ்ளோதான் பதில். ஏன்னு தெரியாம பண்ணினா வைவால ஒரு கேள்வில மாட்டிக்குவீங்க, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

முதல்ல வெயிட் எதுக்கு வந்துச்சுன்னு பாருங்க. என்எஃப்ஹெச்எஸ்-5 2019-21ல நடந்தது, நாடு முழுக்க 707 மாவட்டம், ஒவ்வொரு மாவட்டத்துக்கும் தனியா நம்பர் சொல்லணும்னு திட்டம் போட்டு எடுத்தது. அதனால மாவட்டம் பெருசோ சின்னதோ, ஓரளவு ஒரே மாதிரி அளவுலதான் வீடு எடுப்பாங்க. தமிழ்நாட்டுல அப்ப கணக்குல இருந்த 32 மாவட்டத்துக்கும் சேத்து 27,929 வீடு, 25,650 பெண்கள், அதாவது சராசரியா மாவட்டத்துக்கு 800 பேர். 2011 சென்சஸ்ல சென்னை ஜனத்தொகை 46 லட்சத்து சொச்சம், பெரம்பலூர் ஐந்தே முக்கால் லட்சம் கூட இல்ல. எட்டு மடங்கு வித்தியாசம், ஆனா சாம்பிள்ல எட்டு மடங்கு எடுக்கலை. அப்போ சென்னைல பேட்டி எடுத்த ஒரு பொண்ணு பெரம்பலூர் பொண்ணை விட பல மடங்கு பேருக்காக பதில் சொல்றாங்க. வெயிட் போடாம மாநில சராசரி எடுத்தா சின்ன மாவட்டங்களோட குரல்தான் ஓங்கி நிக்கும். வர்ற பர்சன்டேஜே தமிழ்நாட்டோடது இல்லன்னா அதுக்கு மேல எந்த டெஸ்ட் வச்சு என்ன பிரயோஜனம்? அதனாலதான் சீனியர் சொல்ற "பர்சன்டேஜுக்கு வெயிட், டெஸ்டுக்கு இல்ல" எனக்கு ஒத்துவராது. டேபிள்ல ஒரு வித்தியாசத்தைக் காட்டிட்டு, பக்கத்துலயே வேற ஒரு வித்தியாசத்துக்கான பி வேல்யூவை எழுதற மாதிரி ஆயிடும்.

இப்போ எஸ்பிஎஸ்எஸ் என்ன பண்ணுச்சுன்னு பாப்போம். வெயிட்னு ஒரே வார்த்தைதான், ஆனா அதுக்குள்ள மூணு வேற வேற அர்த்தம் இருக்கு. இதே மாதிரி 5 பேர் இருக்காங்க, இடத்தை மிச்சம் பண்ண ஒரே வரில எழுதியிருக்கேன்னு சொல்றது ஒண்ணு. இந்த அளவு துல்லியமா எடுத்தது, அந்த அளவு சுமாரா எடுத்தது, துல்லியமானதுக்கு மதிப்பு அதிகம் குடுன்றது இன்னொண்ணு. இந்த ஆளை சாம்பிள்ல எடுத்த வாய்ப்பு இவ்ளோ, அதனால இவங்க வெளியில இருக்கிற இத்தனை பேருக்கு பிரதிநிதின்றது மூணாவது. சர்வே வெயிட் இந்த மூணாவது ரகம். ஸ்டேட்டான்ற சாஃப்ட்வேர்ல இதை எஃப்வெயிட், ஏவெயிட், பிவெயிட்னு பேர் வச்சே பிரிச்சிருக்காங்க, சாதா டேபுலேட் கமாண்டுல பிவெயிட் குடுத்தா வாங்கவே மாட்டேன்னு எரர் குடுத்திடும், அந்த விஷயத்துல நல்ல சாஃப்ட்வேர். எஸ்பிஎஸ்எஸ்ல சாதாரண வெயிட் கேசஸ் முதல் ரகம்னு எடுத்துக்குது. வெயிட் 3னா அப்படியே மூணு தனி ஆளுங்க, மூணு பேரையும் தனித்தனியா பேட்டி எடுத்தோம்னு நினைச்சுக்குது. பர்சன்டேஜ் சரியாதான் வரும், ஏன்னா கூட்டல் வகுத்தல் ரெண்டு ரகத்துக்கும் ஒண்ணுதான். ஸ்டாண்டர்ட் எரர்லதான் வினையே, அதாவது நமக்கு வந்த எண் நிஜத்துலேர்ந்து எவ்ளோ விலகியிருக்கலாம்ன்ற அளவுல.

ஒரு கணக்குக்காக, நிஜ டேட்டா இல்ல, நகரத்துல 1,000 பேர், கிராமத்துல 1,000 பேர்னு வச்சுக்கோங்க. ஒவ்வொருத்தருக்கும் வெயிட் 500. சாஃப்ட்வேர் கண்ணுக்கு ரெண்டு பக்கமும் 5 லட்சம் பேர். நகரத்துல 50 சதவீதம், கிராமத்துல 50.5 சதவீதம், வெறும் அரை பாயின்ட்தான் வித்தியாசம். 5 லட்சம் பேர்னு நம்பினா இந்த வித்தியாசத்தோட ஸ்டாண்டர்ட் எரர் 0.1 பாயின்ட், இசட் (வித்தியாசத்தை ஸ்டாண்டர்ட் எரரால வகுத்தது) 5, பி வேல்யூ 0.000. நிஜத்துல பேசினது 2,000 பேர்கிட்ட, அதுக்கு ஸ்டாண்டர்ட் எரர் 2.2 பாயின்ட், இசட் கால் கூட வராது. நீங்க பாத்த 0.000 எல்லாம் இப்படி வந்ததா இருக்க நிறைய வாய்ப்பு இருக்கு, ஏன்னா டிஹெச்எஸ்னு பல நாடுகள்ல நடத்தின சுகாதார சர்வே மாதிரி ஃபைல்ல வெயிட் வேரியபிள் வி005 பத்து லட்சத்தால பெருக்கி முழு எண்ணா வச்சிருப்பாங்க, அதை 10,00,000ஆல வகுத்துதான் யூஸ் பண்ணணும். வகுக்காம போட்டிருந்தா ஒவ்வொரு பொண்ணும் லட்சக்கணக்கான பேர்னு எஸ்பிஎஸ்எஸ் நம்பியிருக்கும். அவுட்புட்ல டோட்டல் எண்ணைப் பாருங்க, தெரிஞ்சுடும்.

வகுத்துட்டா சரியாயிடுமான்னா அதுவும் இல்ல, இதை நிறைய பேர் கவனிக்கிறதில்ல. அந்த வெயிட்டை சராசரி 1 வர்ற மாதிரி சரி பண்ணினது நாடு மொத்தத்துக்கு, 7,24,115 பெண்களுக்கு. தமிழ்நாட்டு சாம்பிள் அதுல மூணரை சதவீதம்தான், ஆனா ஜனத்தொகைல தமிழ்நாடு கிட்டத்தட்ட 6 சதவீதம். அதனால தமிழ்நாட்டுப் பெண்களோட வெயிட்டைக் கூட்டினா 25,650ஐ விட நல்லாவே அதிகமா வரும், எஸ்பிஎஸ்எஸ் அந்தப் பெரிய எண்ணைத்தான் சாம்பிள் அளவுன்னு எடுத்துக்கும். சரி, நானே தமிழ்நாட்டு சராசரி வெயிட்டால வகுத்து 25,650க்கு கொண்டு வந்துடறேன்னு சொல்வீங்க. அந்த ஊதிப்போன பாதிப்பு போயிடும், நல்லதுதான். ஆனா இன்னும் ரெண்டு விஷயம் பாக்கி நிக்குது, அதுல ரெண்டாவதுதான் பெருசு.

ஒண்ணு, வெயிட் எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லாததால வர்ற நஷ்டம். லெஸ்லி கிஷ் குடுத்த சுலபமான ஃபார்முலா இருக்கு, வெயிட் எல்லாத்தையும் கூட்டி ஸ்கொயர் பண்ணி, ஒவ்வொரு வெயிட்டோட ஸ்கொயரையும் கூட்டினதால வகுத்தா உண்மையில எத்தனை பேருக்கு சமமான தகவல் கையில இருக்குன்னு வரும். 1,000 பேர்ல பாதிப் பேருக்கு 0.4, பாதிப் பேருக்கு 1.6னு இருந்தா சராசரி 1தான், ஆனா பலன் 735 பேர் அளவுக்குத்தான். மிச்ச 265 பேரைப் பேட்டி எடுத்த உழைப்பு வெயிட் ஏத்த இறக்கத்துல போயிடுச்சு.

ரெண்டாவது கிளஸ்டர். ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு சொல்றோம்ல, அது ஒரே பானைக்கு. ஊர்ல நூறு வீட்டுல சோறு வெந்துச்சான்னு தெரியணும்னா ஒரே பானைலேர்ந்து இருபது பருக்கை எடுத்து நசுக்கிப் பாத்துட்டு இருபது பாத்தேன்னு சொல்ல முடியாது, அந்தப் பானை வெந்திருந்தா இருபதும் வெந்துதான் இருக்கும். என்எஃப்ஹெச்எஸ்ல முதல்ல கிராமத்தையோ நகரத்துல சென்சஸ் பிளாக்கையோ எடுத்து, அப்புறம் அதுக்குள்ள 22 வீடு எடுக்கறாங்க. தமிழ்நாட்டுக்கு மொத்தம் 1,300 கிளஸ்டர் பக்கம் வரும், ஒரு கிளஸ்டர்ல சராசரியா 20 பெண்கள். அவங்க ஒரே ரேஷன் கடை, ஒரே ஆரம்ப சுகாதார நிலையம், ஒரே தண்ணி, பெரும்பாலும் ஒரே மாதிரி வேலை, ஒரே மாதிரி சாப்பாடு. ஒருத்தர் பதில் தெரிஞ்சா அடுத்தவர் பதிலை ஓரளவு ஊகிச்சிடலாம். அந்த ஊகிக்க முடியற அளவுக்குப் பேர்தான் இன்ட்ராகிளாஸ் கோரிலேஷன். அது 0.05ன்னு ரொம்ப சின்னதா இருந்தாலே, 20 பேர் கிளஸ்டர்ல டிசைன் எஃபெக்ட், அதாவது வேரியன்ஸ் (ஸ்டாண்டர்ட் எரரோட ஸ்கொயர்) எத்தனை மடங்காகுதுன்ற எண், 1 கூட்டல் 19 இன்டு 0.05, அதாவது 1.95. வேரியன்ஸ் ஏறக்குறைய ரெண்டு மடங்கு.

இது டெஸ்டை எப்படிப் புரட்டுதுன்னு அதே 1,000க்கு 1,000 கணக்குலயே பாருங்க. இந்த தடவை நகரம் 50 சதவீதம், கிராமம் 55 சதவீதம்னு வச்சுக்குவோம், வெயிட் எல்லாருக்கும் சமம். தனித்தனி ஆளுங்கன்னு நினைச்சா ஸ்டாண்டர்ட் எரர் 2.23, இசட் 2.24, பி 0.025, சிக்னிஃபிகன்ட்னு எழுதிடுவோம். அந்த 1,000 பேரும் 50 கிளஸ்டர்ல 20 பேரா வந்தவங்கன்னா ஸ்டாண்டர்ட் எரர் 3.1, இசட் 1.6, பி 0.11. அதே டேட்டா, அதே அஞ்சு பாயின்ட் வித்தியாசம், முடிவு மட்டும் தலைகீழ். இதுக்கு மேல வெயிட் ஏத்த இறக்கமும் சேந்தா இன்னும் பலவீனமாகும்.

நானே இதுல அடி வாங்கியிருக்கேன். என் முதல் பேப்பர்ல வெயிட்டை ஒழுங்கா வகுத்து, சராசரி 1க்கு கொண்டு வந்து, எல்லாம் சரியா பண்ணிட்டேன்ற நம்பிக்கைல அனுப்பினேன். ரிவியூவர் ஒரே வரிதான் கேட்டிருந்தார், ஸ்டாண்டர்ட் எரர் எப்படிக் கணக்கிட்டீங்கன்னு. கிளஸ்டரை சேத்து மறுபடி ஓட்டினப்போ டிஸ்கஷன்ல பெருசா எழுதி வச்சிருந்த ரெண்டு முடிவு நிக்கலை. ஒரு வருஷம் தள்ளிப் போச்சு. நிக்காத அந்த ரெண்டை நம்பி ஒருத்தர் திட்டம் தீட்டியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நினைச்சப்போதான் இதோட கனம் எனக்கு உறைச்சுது.

அப்போ சரியான ஸ்டாண்டர்ட் எரர் எப்படி வருது? ஒவ்வொரு ஸ்ட்ரேட்டாக்குள்ளயும் கிளஸ்டருக்குக் கிளஸ்டர் பதில் எவ்ளோ மாறுதுன்னு பாக்கறாங்க, ஆளுக்கு ஆள் மாறறதை இல்ல. பதினஞ்சு கிளஸ்டர் எடுத்து பதினஞ்சும் ஒரே மாதிரி சொன்னா நம்பலாம், ஒண்ணு 30ன்னும் இன்னொண்ணு 70ன்னும் சொன்னா ஜாக்கிரதையா இருக்கணும். வெயிட் போட்ட சராசரி ஒரு விகிதமா இருக்கறதால அதை டெய்லர் லீனியரைசேஷன்னு ஒரு முறைல நேராக்கி கணக்கு போடுவாங்க, இல்லன்னா ஒவ்வொரு கிளஸ்டரா விட்டுட்டு விட்டுட்டு திரும்பக் கணக்கு போடற ஜாக்நைஃப். இந்த யோசனைக்கு நம்ம நாட்டுலயே ஆழமான வேர் இருக்கு. புள்ளியியல் அறிஞர் மஹலனோபிஸ் 1930கள் கடைசில வங்காளத்துல சணல் விளைச்சல் சர்வே நடத்தினப்போ, ஒரே ஏரியாவுல ஒண்ணுக்கொண்ணு தொடர்பில்லாத துணை சாம்பிள்களா பிரிச்சு, தனித்தனி ஆளுங்களை அனுப்பி, ரெண்டு நம்பருக்கும் எவ்ளோ வித்தியாசம் வருதுன்னு பாத்துதான் பிழையை மதிப்பிட்டார். 1950ல ஆரம்பிச்ச தேசிய மாதிரி சர்வே, அதாவது என்எஸ்எஸ்ஸுக்கும் அதே பழக்கம் வந்துச்சு. பழைய என்எஸ்எஸ் டேட்டா தொட்டவங்களுக்குத் தெரியும், வெயிட்டை அங்க மல்டிபிளையர்னுதான் சொல்வாங்க, ரெண்டு துணை சாம்பிளையும் சேத்துப் பாக்கும்போது சில வரிக்கு 100ஆலயும் சில வரிக்கு 200ஆலயும் வகுக்கணும்னு ரீட்மீல போட்டிருக்கும். அந்த 200 எல்லாம் அந்த துணை சாம்பிள் முறையோட மிச்சம்தான். எனக்கு அதைப் பாக்கும்போதெல்லாம் மரியாதை வரும், கம்ப்யூட்டரே இல்லாத காலத்துல இந்தப் பிழையை அளக்கணும்னு கவலைப்பட்டிருக்காங்க.

சுதந்திர இலக்கம், அதாவது டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் (பிழையை மதிப்பிட எத்தனை தனித் தகவல் கையில இருக்குன்ற எண்ணிக்கை), அதுவும் ஆள் கணக்கு இல்ல. கிளஸ்டர் எண்ணிக்கைலேர்ந்து ஸ்ட்ரேட்டா எண்ணிக்கையைக் கழிச்சா வர்றதுதான். தமிழ்நாடு மொத்தம்னா ஆயிரத்துக்கு மேல இருக்கும், கவலை இல்ல. ஒரே ஒரு மாவட்டத்துக்குள்ள ரெண்டு குரூப்பை ஒப்பிட்டா கையில 40 கிளஸ்டர் அளவுதான், அங்க ஜாக்கிரதை.

இனி கை ஸ்கொயர். நீங்க ஓட்டின பியர்சன் கை ஸ்கொயர் ஒவ்வொரு ஆளும் தனித்தனின்ற நம்பிக்கைல நிக்குது. கிளஸ்டர் டேட்டால அந்த எண் கை ஸ்கொயர் மாதிரி நடந்துக்காது, டிசைன் எஃபெக்ட் அளவுக்கு வீங்கி வரும். இதுக்குத்தான் ஜே.என்.கே. ராவும் அலஸ்டர் ஸ்காட்டும் 1981லயும் 1984லயும் ஒரு திருத்தம் குடுத்தாங்க. ராவ் ஆந்திராலேர்ந்து போய் கனடால கார்ல்டன் யுனிவர்சிட்டில இருந்தவர், சர்வே புள்ளியியல்ல அவர் பேர் இல்லாம ஒரு பாடம் நடக்காது. முதல் கட்டத் திருத்தம் ரொம்ப எளிமை, பியர்சன் எண்ணை சராசரி டிசைன் எஃபெக்டால வகுத்துடறது. டேபிள்ல எல்லாக் கட்டத்துக்கும் டிசைன் எஃபெக்ட் ஒரே மாதிரி இருக்காதுன்றதால ரெண்டாம் கட்டத் திருத்தத்துல சுதந்திர இலக்கத்தையும் சேத்து சரி பண்ணி, கடைசில எஃப் டெஸ்டா மாத்திடறாங்க. ஸ்டேட்டால எஸ்விஒய் டேபுலேட் போட்டா இயல்பா வர்றது இந்த ரெண்டாம் கட்டம்தான். தீசிஸ்ல "ராவ்-ஸ்காட் திருத்தம் செய்த கை ஸ்கொயர்"னு ஒரு வரி எழுதிட்டா தெரிஞ்சவங்க அடுத்த கேள்வி கேக்க மாட்டாங்க.

சாஃப்ட்வேர் வாரியா சொல்லணும்னா, எஸ்பிஎஸ்எஸ்ல காம்ப்ளெக்ஸ் சாம்பிள்ஸ்னு தனி மாட்யூல் இருக்கு, அதுக்கு லைசென்ஸ் தனி, உங்க காலேஜ்ல இருக்கான்னு கேளுங்க, இல்லன்னா எஸ்பிஎஸ்எஸ்ல இந்த வேலையை முயற்சி பண்ணாதீங்க. காசில்லாம பண்ண ஆர் இருக்கு, தாமஸ் லம்லி எழுதின சர்வே பேக்கேஜ், அதுல முதல்ல டிசைனை ஒரு தடவை சொல்லி வச்சிட்டா போதும், கிளஸ்டருக்கு வி021, ஸ்ட்ரேட்டாவுக்கு வி022 இல்லன்னா வி023, எது பொருந்தும்னு அந்த சர்வேயோட டாக்குமென்ட்ல பாத்துக்கோங்க, வெயிட்டுக்கு வகுத்த வி005. அதுக்கப்புறம் எஸ்விஒய்கைஸ்க், எஸ்விஒய்டிடெஸ்ட், எஸ்விஒய்ஜிஎல்எம் எல்லாம் அந்த டிசைனை வச்சே ஓடும். ஹீமோகுளோபின் அளவு மாதிரி எண்ணா இருந்து பரவல் கோணலா இருந்தா மான் விட்னிக்கு பதிலா எஸ்விஒய்ரேங்க்டெஸ்ட் கூட இருக்கு. ஸ்டேட்டால எஸ்விஒய்செட் ஒரு வரி, அப்புறம் எல்லா கமாண்டுக்கும் முன்னாடி எஸ்விஒய் போடணும். சாஸ்ல சர்வேஃப்ரீக், சர்வேமீன்ஸ், சர்வேலாஜிஸ்டிக். ஆர்ல சாதா எல்எம் கமாண்டுல வெயிட்ஸ்னு ஒரு ஆப்ஷன் இருக்கே, அதைப் போட்டா போதாதான்னு கேப்பீங்க. போதாது, அது நான் மேல சொன்ன ரெண்டாவது ரக வெயிட், துல்லிய வெயிட். எஸ்டிமேட் ஒண்ணாதான் வரும், ஸ்டாண்டர்ட் எரர் தப்பு.

டேட்டாவை வெட்டறதுல ஒரு பள்ளம் இருக்கு. தமிழ்நாட்டை மட்டும் தனியா வெட்டி எடுத்தது பரவாயில்ல, ஏன்னா ஸ்ட்ரேட்டாவே மாநிலத்துக்குள்ள மாவட்டம், நகரம், கிராமம்னு பிரிச்சதுதான், முழு ஸ்ட்ரேட்டாவா எடுக்கறீங்க. ஆனா அடுத்து கர்ப்பிணிகளை மட்டும் வச்சுக்கிட்டு மிச்ச வரியை அழிச்சீங்கன்னா சில கிளஸ்டர்ல ஒரு கர்ப்பிணி கூட இல்லாம அந்த கிளஸ்டரே காணாமப் போயிடும். அந்த கிளஸ்டர்ல பூஜ்யம்ன்றதும் ஒரு தகவல்தான், அதைத் தூக்கிட்டா ஸ்டாண்டர்ட் எரர் தப்பாகும். சில ஸ்ட்ரேட்டால ஒரே கிளஸ்டர் மிஞ்சி ஆர் எரர் குடுக்கும், ஸ்டேட்டா ஸ்டாண்டர்ட் எரர் இருக்க வேண்டிய இடத்துல புள்ளி வைக்கும். அதனால டிசைனை முழு டேட்டால சொல்லிட்டு, அப்புறம் ஆர்ல அந்த டிசைன் மேலயே சப்செட், ஸ்டேட்டால சப்பாப். இந்த ஒரு வரிசையை மாத்தாதீங்க.

இப்போ உங்க மூணு ஒப்பீடும் ஒரே ரகம் இல்லன்றதை சொல்லணும், புக்ல இதை ஒரு வரில தாண்டிடுவாங்க. நகரமும் கிராமமும் வேற வேற ஸ்ட்ரேட்டா, வேற வேற கிளஸ்டர். ரெண்டுக்கும் சம்பந்தம் இல்ல, ரெண்டு வேரியன்ஸையும் கூட்டினா வித்தியாசத்தோட வேரியன்ஸ். கிளஸ்டர் பாதிப்பு முழுசா இங்க இறங்கும். ஆனா படிச்சவங்க, படிக்காதவங்கன்ற ஒப்பீடுல ரெண்டு பேரும் ஒரே தெருவுல இருக்கலாம். அந்த ஊர்ல பொதுவா ரத்தசோகை அதிகம்னா ரெண்டு குரூப்லயும் சேந்தே ஏறும், வித்தியாசம் எடுக்கும்போது அந்தப் பொதுவான பங்கு கழிஞ்சு போகும். அதாவது கோவேரியன்ஸ் (ரெண்டும் சேந்தே ஏறி இறங்கற அளவு) பிளஸ்ல இருக்கும், வேரியன்ஸ் கொறையும், கிளஸ்டர் நஷ்டம் அவ்ளோ இருக்காது. அதனால டேபிள்ல போட்ட ரெண்டு ஸ்டாண்டர்ட் எரரை எடுத்து கால்குலேட்டர்ல ஸ்கொயர் பண்ணிக் கூட்டறது நகரம் கிராமத்துக்கு சரி, படிப்புக்கு சரியா வராது. சாஃப்ட்வேர்லயே குரூப்பை ஒரு வேரியபிளா போட்டு ரிக்ரெஷனா ஓட்டி வித்தியாசத்தை நேரா எடுங்க, இல்ல ஸ்டேட்டால லின்காம் கமாண்டு போடுங்க, அது கோவேரியன்ஸை தானே பாத்துக்கும்.

இதோட சேந்த இன்னொரு தப்பு, ரெண்டு கான்ஃபிடன்ஸ் இன்டர்வெல் (நிஜ எண் இருக்கக்கூடிய எல்லை) ஒண்ணு மேல ஒண்ணு ஏறியிருந்தா வித்தியாசம் இல்லன்னு எழுதறது. ஒரு குரூப் 50, இன்னொண்ணு 55, ரெண்டுக்கும் ஸ்டாண்டர்ட் எரர் 1.5ன்னா முதலாவது 47.1லேர்ந்து 52.9, ரெண்டாவது 52.1லேர்ந்து 57.9, கொஞ்சம் ஏறியிருக்கு. ஆனா வித்தியாசத்தோட ஸ்டாண்டர்ட் எரர் 2.12, இசட் 2.36, பி 0.02க்குள்ள. ஏறாம இருந்தா வித்தியாசம் இருக்குன்னு சொல்லலாம், ஏறியிருந்தா ஒண்ணும் சொல்ல முடியாது, டெஸ்ட் பண்ணித்தான் ஆகணும். அதே மாதிரி ஒரு மாவட்டத்தை மாநில சராசரியோட ஒப்பிடாதீங்க, மாநிலத்துக்குள்ள அந்த மாவட்டமும் இருக்கு. அந்த மாவட்டம், மிச்ச மாவட்டங்கள்னு பிரிச்சு ஒப்பிடுங்க.

மாவட்ட ஒப்பீடு பத்தி எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. 32 மாவட்டத்தை ரெண்டு ரெண்டா ஒப்பிட்டா 496 ஜோடி. உண்மைல எந்த மாவட்டத்துக்கும் வித்தியாசமே இல்லாட்டியும் 5 சதவீத அளவுகோல்ல 25 ஜோடி பக்கம் சும்மாவே சிக்னிஃபிகன்ட் ஆகும். அந்த 25ஐ பொறுக்கி எடுத்து "இந்த மாவட்டம் பின்தங்கியது"ன்னு எழுதினா அந்த ஊர் மேல ஒரு முத்திரை விழுந்துடும், அதை அழிக்க யாரும் வர மாட்டாங்க. முதல்ல 32ம் ஒண்ணுதானான்னு ஒரே ஒரு மொத்த டெஸ்ட், அது சிக்னிஃபிகன்ட் ஆனா ஜோடி ஒப்பீடு, அதுக்கு பெஞ்சமினி-ஹாக்பர்க் 1995ல குடுத்த திருத்தமோ அது மாதிரி வேற ஒண்ணோ போடுங்க.

அடுத்து நீங்க கேக்கலை, ஆனா எல்லா தீசிஸ்லயும் வரும், என்எஃப்ஹெச்எஸ் நாலாவது சுற்றுக்கும் அஞ்சாவது சுற்றுக்கும் உள்ள மாற்றம். தமிழ்நாட்டுப் பெண்கள் ரத்தசோகை என்எஃப்ஹெச்எஸ்-4ல 55.0, 5ல 53.4. குறைஞ்சிருக்குன்னு எழுதிடலாமா? ரெண்டுலயும் தோராயமா 25,000 பேர்னு வச்சுக்கிட்டு தனித்தனி ஆளுங்கன்னு நினைச்சா இசட் 3.6, தாராளமா சிக்னிஃபிகன்ட். டிசைன் எஃபெக்ட் 2னா இசட் 2.5, இன்னும் நிக்கும். 3.5னா 1.92, நிக்காது. ஆக அந்த 1.6 பாயின்ட் குறைஞ்சுதா இல்லையான்றது டிசைன் எஃபெக்டைப் பொறுத்தது, ரெண்டு டேட்டாவையும் சேத்து ஓட்டிப் பாத்துதான் சொல்லணும். சேக்கும்போது கவனம், கிளஸ்டர் நம்பர் ரெண்டு சர்வேலயும் 1லேர்ந்து ஆரம்பிச்சா வேற வேற ஊர் ஒரே கிளஸ்டரா ஒட்டிக்கும். சர்வே நம்பரை முன்னாடி சேத்து புது ஐடி பண்ணுங்க, ஸ்ட்ரேட்டாவுக்கும் அப்படியே.

வேரியபிளுக்கு ஏத்த வெயிட் எடுக்கறதும் முக்கியம். ஆண்கள் ஃபைலுக்கு எம்வி005, வீட்டு ஃபைலுக்கு ஹெச்வி005. குடும்ப வன்முறைக் கேள்விகளை ஒரு வீட்டுல ஒரு பொண்ணுகிட்ட மட்டும்தான் கேப்பாங்க, அதுக்கு டி005னு தனி வெயிட், அங்க வி005 போட்டா நிறைய பொண்ணுங்க இருக்கிற வீடு குறைச்சலா எண்ணப்படும்.

கிளஸ்டரே இல்லாத டேட்டாவா இருந்தா, உதாரணத்துக்கு வயசு, பாலினம்னு சரிக்கட்டி வெயிட் போட்ட ஆன்லைன் சர்வேன்னா, டிசைன்ல கிளஸ்டர் இல்லன்னு சொல்லிட்டு வெயிட் மட்டும் குடுத்து இதே சர்வே கமாண்டுகளை ஓட்டலாம். கிஷ் சொன்ன வெயிட் நஷ்டம் கணக்குல வந்துடும். ஆனா தானா வந்து பதில் சொன்னவங்கன்ற கோணலை எந்த டெஸ்டும் சரி பண்ணாது. அமெரிக்கால சில சர்வேல கிளஸ்டரை வெளியிடாம ரெப்ளிகேட் வெயிட்னு நிறைய நெடுவரிசை (காலம்) குடுத்திருப்பாங்க, அமெரிக்கன் கம்யூனிட்டி சர்வேல 80 இருக்கும். அது வேரியன்ஸுக்குன்னே குடுத்தது, அதை வச்சே கணக்கு போடணும்.

உங்களுக்கு இப்போ என்ன செய்யணும்னா, முதல்ல எஸ்பிஎஸ்எஸ் அவுட்புட்டைத் திறந்து வெயிட் போட்ட டோட்டலைப் பாருங்க, கோடிக்கணக்குல இருந்தா வகுக்க மறந்திருக்கீங்க. அப்புறம் ஆர்ல டிசைனை சொல்லி, தமிழ்நாட்டு ரத்தசோகை மொத்தம் 53.4 வருதான்னு சரிபாருங்க, வந்தா வெயிட் சரி. வரலைன்னா மேல போகாதீங்க, பரிசோதனை பண்ணாதவங்களைக் கழிச்சீங்களான்னு பாருங்க. அடுத்து ஒவ்வொரு எஸ்டிமேட்டுக்கும் டிசைன் எஃபெக்டைக் கேட்டு வாங்குங்க, 2, 3ன்னு வந்தா ஆச்சரியப்பட வேண்டாம். டேபிள்ல எத்தனை பேர்னு எழுதற நெடுவரிசைல வெயிட் போடாத நிஜ எண்ணிக்கை, பர்சன்டேஜ் நெடுவரிசைல வெயிட் போட்டது, பக்கத்துல டிசைன் வழி வந்த இன்டர்வெல், கடைசில ராவ்-ஸ்காட் பி வேல்யூ. வித்தியாசம் எத்தனை பாயின்ட்னு ஒரு நெடுவரிசை கட்டாயம் வையுங்க, ஏன்னா 25,000 பேர் இருக்கும்போது எல்லாம் சரியா பண்ணினாலும் ஒண்ணே முக்கால் பாயின்ட் கூட சிக்னிஃபிகன்ட் ஆகலாம், அது சுகாதாரத்துல பெரிய விஷயமான்றது உங்க சப்ஜெக்ட் அறிவு சொல்ல வேண்டியது. ஓட்டிட்டு நகரம் கிராமம் டேபிளை இங்க போடுங்க, சேந்து பாக்கலாம்.